நிலுவை என்ற சொல்லும் நம் குடும்பங்களும்



கடன் பத்திரங்களிலும் கிரய ஒப்பந்தங்களிலும் தவறாமல் இடம்பெறும் சொற்றொடர் ஒன்று உண்டு. 'நிலுவையிலுள்ள கட்டணங்கள் அனைத்தும்' என்றோ, 'நிலுவைப் பொறுப்புகள் ஏதுமின்றி' என்றோ அது காணப்படும். கையொப்பமிடும் அவசரத்தில் கண் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. பின்னொரு நாள் அதே சொல் நோட்டீசாக வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான், அதன் பொருள் என்ன என்று குடும்பம் கேட்கத் தொடங்குகிறது. ஞாயிறு பூசைக்குப் பின் இத்தகைய தாள்களைக் கையில் ஏந்திப் பங்கு இல்லத்திற்கு வருவோர் பலர். ஆதலின் இம்மாதம் அச்சொல்லின் பொருளையே எடுத்துக்கொள்வோம். நாம் வழக்கறிஞர் அல்லோம். வழக்கறிஞரின் வேலையை நாம் செய்யவும் முடியாது. ஆனால் அவரிடம் செல்லுமுன் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எவற்றைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டுமோ, அவற்றைச் சொல்வது நம் கடமை.

ஆங்கில ஒப்பந்தங்களில் 'சார்ஜ்' என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள்களில் ஆளப்படுகிறது. ஒன்று, செலுத்த வேண்டிய கட்டணம். மற்றொன்று, ஒரு சொத்தின்மேல் ஏறி நிற்கும் பொறுப்பு; நம் பேச்சு வழக்கில் வில்லங்கம் என்போமே, அது. 'அவுட்ஸ்டாண்டிங்' என்பது இன்னும் தீராமல் நிற்பது. ஆகவே கடன் தாளில் அச்சொற்றொடர் கட்டப்படாத பணத்தைக் குறிக்கலாம். கிரயத் தாளில் நீங்காத சுமையைக் குறிக்கலாம். தமிழில் பெயர்ப்போர் இரண்டிற்கும் 'நிலுவை' என்றே எழுதிவிடுகின்றனர். இக்குழப்பத்திலிருந்து தப்ப மூன்று கேள்விகள் போதும்: எவ்வளவு? எதன்மேல்? யார்மேல்?

எவ்வளவு?

முதலில் தொகையைப் பார்ப்போம். நிலுவை வேறு, தவணை தவறிய பாக்கி வேறு. மூன்று இலட்சம் ரூபாய் கடன் பெற்று, மாதந்தோறும் ஒழுங்காகச் செலுத்தி வந்து, இன்னும் இரண்டு இலட்சம் அசல் மீதமிருக்கும் ஒருவருக்கு நிலுவை இரண்டு இலட்சம். தவறிய பாக்கியோ ஒரு ரூபாயும் இல்லை. அவர் கடன்பட்டவர், ஆனால் தவறியவர் அல்லர். எனினும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இன்னொரு நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கும். தவணைகள் தவறினால், இன்னும் நாள் வராத நிலுவை முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு என்பதே அது. இரண்டு தவணை தவறியவருக்கு இரண்டு இலட்சம் கேட்டு நோட்டீசு வருவது இந்த நிபந்தனையினால்தான்.

மேலும், நிலுவை என்பதில் அசலும் வட்டியும் மட்டுமே அடங்கும் என எண்ணலாகாது. தாமதக் கட்டணம், காசோலையோ வங்கிப் பிடித்தமோ திரும்பியதற்கான கட்டணம், நோட்டீசுச் செலவு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் ஒப்பந்தம் அச்சொல்லுக்குள் அடக்கியிருக்கலாம். ஓர் உதாரணம் சொல்வோம். மாதத் தவணை 6,000 ரூபாய். இரண்டு மாதம் தவறின. பாக்கி 12,000 என்று குடும்பத் தலைவர் கணக்கிடுகிறார். ஆனால் பிடித்தம் திரும்பியதற்கு 500 வீதம் 1,000; தாமதக் கட்டணம் 300; நோட்டீசுச் செலவு 1,500; ஆக மொத்தம் 14,800. அவர் 12,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார். கட்டணங்களுக்கே முதலிடம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அப்பணத்தில் 2,800 கட்டணங்களுக்குப் போய்விடும். தவணையில் 2,800 குறை நிற்கும். அடுத்த மாதம் மறுபடியும் தாமதக் கட்டணம் ஏறும். அவரோ தாம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாகவே நம்பிக் கொண்டிருப்பார்.

பணம் கட்டும்போது எதற்காகக் கட்டுகிறோம் என்று சொல்லிக் கட்டுவது நன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59, 60, 61 ஆகிய பிரிவுகளில் இதைப் பற்றிப் பேசுகிறது. ஒருவருக்கே பல கடன்கள் தரவேண்டியவர், இன்ன கடனுக்கு என்று குறிப்பிட்டுத் தரும் பணத்தைப் பெற்றுக்கொண்டவர் அக்கடனுக்கே வரவு வைக்க வேண்டும். குறிப்பிடாமலும், சூழ்நிலையால் விளங்காமலும் இருந்தால், தேர்வு கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒரே கடனில் வட்டியும் அசலும் பாக்கி நிற்குமானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கட்டிய பணம் முதலில் வட்டிக்கும் அதன் பிறகே அசலுக்கும் சேரும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுள்ள நெறி.

கடன் பெறுவோரைக் காக்க அண்மையில் வந்த இரு கட்டளைகளை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும். 2023 ஆகஸ்டு மாதம் இந்திய ரிசர்வ் வங்கி, தவறியதற்கான அபராதத்தை வட்டி வீதத்தோடு கூட்டலாகாது என்றும், அதைத் தனிக் கட்டணமாகவே, தவறுக்கு ஏற்ற அளவிலேயே பெற வேண்டும் என்றும், அந்தக் கட்டணத்தின்மேல் மீண்டும் வட்டி போடலாகாது என்றும் விதித்தது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்து 2024 ஏப்ரலில் மற்றொரு கட்டளை பிறந்தது. அதன்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தனிமனிதருக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் வழங்கப்படும் புதிய தவணைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் கொடுத்து விளக்க வேண்டும். அந்த அறிக்கையில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும், கடன் பெற்றவரின் வெளிப்படையான சம்மதமின்றி, கடன் காலம் முடியும்வரை வசூலிக்க இயலாது. ஆகவே அந்த அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள். கட்டணம் பற்றிய குறை இருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முப்பது நாளில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இவை வங்கிகளையும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவன. தெருவில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் இந்த அறிக்கை ஏதும் கிடைக்காது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. எனினும், தொகை நிரப்பாத வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், தம் நிலுவையைத் தீர்மானிக்கும் எழுதுகோலை மற்றவர் கையில் கொடுத்தவராகிறார்.

எதன்மேல்?

இனி இரண்டாம் பொருளுக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100-ஆம் பிரிவில், ஒருவருடைய நிலமோ வீடோ மற்றொருவருக்குத் தர வேண்டிய பணத்திற்கு ஈடாக நிறுத்தப்பட்டு, அது அடமானம் ஆகாதபோது, அதனைப் பொறுப்பு என்று கூறுகிறது. இப்பொறுப்பு மனிதர் எழுதிக் கொடுத்தும் உண்டாகலாம். சட்டத்தினாலேயே தானாகவும் உண்டாகலாம். கிரயம் முடிந்து உரிமை மாறிய பின்னும் விலையில் ஒரு பகுதி தரப்படவில்லையென்றால், விற்றவருக்கு அந்நிலத்தின்மேல் அத்தொகைக்குப் பொறுப்பு உண்டு என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. விற்பனை நாள்வரை உள்ள அரசு வரிகளையும் வாடகையையும் செலுத்தி, வில்லங்கங்களைத் தீர்க்க வேண்டியவர் விற்பவர் என்றும், வேறு உடன்பாடு இல்லாதபோது, அப்பிரிவே விதிக்கிறது. வாங்குபவர் சாதாரண எச்சரிக்கையால் கண்டறிய முடியாத உரிமைக் குறைபாட்டை விற்பவர் மறைத்தால், அதை மோசடி என்றே அச்சட்டம் அழைக்கிறது. சட்டம் மோசடி என்பதை மனச்சான்று சாமர்த்தியம் என்று அழைக்கலாகாது.

வாங்குவோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுவது நம்மிடையே நல்ல வழக்கமாகிவிட்டது. ஆனால் அச்சான்றே முழுச் சாட்சி என எண்ண வேண்டா. பதிவு செய்யப்பட்டவையே அதில் தோன்றும். வீட்டு வரிப் பாக்கி அதில் தோன்றாது. தண்ணீர் வரிப் பாக்கி தோன்றாது. மின்கட்டணப் பாக்கியும் தோன்றாது. பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற மின்கட்டணப் பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாமா என்னும் வினா நெடுநாள் வழக்காயிருந்தது. 2023 மே மாதம், கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், மின் வழங்கல் விதிகள் அவ்வாறு கூறுமானால், பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என்று மின் நிறுவனம் கேட்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வில்லங்கச் சான்றோடு வரி ரசீதுகளையும், கடைசி மின்கட்டண ரசீதையும் கேட்டுப் பெறுங்கள். வங்கிகள் தாம் பெற்ற ஈடுகளைப் பதியும் மத்தியப் பதிவகம் ஒன்றும் 2011 முதல் இயங்கி வருகிறது. சிறு கட்டணம் செலுத்தி அதிலும் தேடலாம்.

சுமை எவ்வாறு ஏறுகிறது என்பதைப் பலர் அறிவர். எவ்வாறு இறங்குகிறது என்பதைச் சிலரே அறிவர். நம் பங்கில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்வோம். ஒருவர் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் பெற்று, பல ஆண்டுகள் கட்டி, ஒரு காசும் மீதியின்றித் தீர்த்தார். கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் நன்றிப் பூசையும் வைத்தார். பின்பு அவர் இறந்தார். மகளின் அறுவைச் சிகிச்சைக்காக அவருடைய மனைவி மனையின் ஒரு பகுதியை விற்க முயன்றார். வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தார். அதில் பழைய அடமானம் அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்படவே இல்லை. கடன் கொடுத்த கிளையோ வேறொரு கிளையோடு இணைந்துவிட்டது. அந்தத் தாய் எட்டு மாதம் அலைந்தார். வாங்க வந்தவர் காத்திருக்கவில்லை. சிகிச்சைக்கான பணத்தை அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கியது. பணக் கடன் தீர்ந்திருந்தும் பத்திரக் கடன் தீராததால், தீர்ந்த கடன் ஒரு புதுக் கடனை ஈன்றது.

ஆகவே கடனை முடிப்போர் நான்கு காரியங்களை முடித்தே வீடு திரும்ப வேண்டும். முதலாவது, எந்த நாளில் முடிக்கிறோமோ அந்த நாளுக்குரிய முழுத் தொகையை எழுத்தில் பெறுதல். ஏனெனில் நிலுவை நாள்தோறும் மாறுவது. இரண்டாவது, பாக்கி ஏதுமில்லை என்னும் சான்று. மூன்றாவது, ஈடாக வைத்த அசல் பத்திரங்கள். நான்காவது, பதிவான அடமானத்திற்குரிய ரசீதைச் சார்பதிவாளரிடம் பதிந்து, புதிய வில்லங்கச் சான்றில் அது ஏறியிருப்பதைக் கண்ணால் காணுதல். இதிலும் ரிசர்வ் வங்கியின் கட்டளை துணை நிற்கிறது. 2023 செப்டம்பரில் வந்த அக்கட்டளைப்படி, கடன் முழுவதும் தீர்ந்த முப்பது நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தருவதும், எந்தப் பதிவகத்தில் பொறுப்பு பதியப்பட்டிருந்தாலும் அதை நீக்குவதும் கடன் கொடுத்தவரின் கடமை. அவருடைய தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

முப்பது நாள் என்பது இன்றைய சட்டம். யாத்திராகமம் இதைவிடக் கடுமையானது. ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கியவன் பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறொன்றும் இல்லை என்பதே காரணம். திரிகைக் கல்லை ஈடாக வாங்காதே என்று உபாகமம் தடுக்கிறது. அது ஒரு வீட்டின் உணவு. ஈடு பெற வந்தவன் கடன்பட்டவனின் வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கடன்பட்டவனுக்கும் மானம் உண்டு என்பதை இறைவன் மறக்கவில்லை.

யார்மேல்?

மூன்றாம் கேள்வி மனிதரைப் பற்றியது. ஜாமீன் கையெழுத்து வெறும் மரியாதைக் கையெழுத்து என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிடில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பிற்குச் சமம் என்கிறது. கடனாளியிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பது இல்லை. அசலுக்கு மட்டுமன்று, அவன் தவறியதால் ஏறிய வட்டிக்கும் கட்டணங்களுக்கும் அவர் பொறுப்பாளியாகலாம். அச்சட்டத்தின் 171-ஆம் பிரிவையும் அறிந்திருத்தல் நலம். வேறு உடன்பாடு இல்லாதபோது, வங்கி தன் கையிலுள்ள பொருளை மொத்தக் கணக்குப் பாக்கிக்கு ஈடாக நிறுத்தி வைக்கும் உரிமையை அது வழங்குகிறது. நகைக்கடன் முழுவதும் தீர்ந்த பின்னும், வேறொரு கடனின் பாக்கியைக் காட்டி நகையைத் தர மறுக்கும் வங்கிகள் சுட்டுவது இப்பிரிவையே.

நீதிமொழிகள் ஆகமம் பிறருக்குப் பிணை நிற்பதைப் பன்முறை எச்சரிக்கிறது. ஆயினும் புனித சின்னப்பர் பிலமோனுக்கு எழுதிய சிறு திருமுகத்தில், ஒனேசிமு பட்ட கடன் ஏதேனும் இருந்தால் அதைத் தம் கணக்கில் வைக்குமாறு வேண்டி, தாமே செலுத்துவதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுக்கிறார். இவ்விரண்டும் முரண் அல்ல. பிணை நிற்பவர், கொடுக்கவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சின்னப்பர் அறிந்தே கையெழுத்திட்டார். கொடுக்க இயலாதவர், கொடுக்க மனமில்லாதவர், தம் மனைவிக்குச் சொல்லத் துணியாதவர் ஆகியோர் அக்கையெழுத்தை இடாதிருப்பதே அன்பு.

இறந்தவரின் நிலுவை என்னாகும் என்பதும் அடிக்கடி எழும் வினா. தாம் ஜாமீன் நில்லாத, இணைந்து கையொப்பமிடாத கடனுக்கு, வாரிசுகள் தமக்கு வந்த சொத்தின் அளவிற்கே பொறுப்பாவர். தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், இறந்தவரின் சொத்திலிருந்து எது முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. அடக்கச் செலவும் இறுதி நோயின் மருத்துவச் செலவும் முதலில். நீதிமன்ற அனுமதி பெறும் செலவு அடுத்தது. அதன்பின், இறப்பதற்கு முந்திய மூன்று மாதங்களில் உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோரின் சம்பளம். மற்றக் கடன்கள் அதற்குப் பின்னர். உயில்வழிக் கொடைகள் எல்லாக் கடன்களும் தீர்ந்த பின்னர். ஈடு வைத்துக்கொண்டவரின் உரிமை அந்த ஈட்டின்மேல் தனியே நிற்கும். வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணின் சம்பளப் பாக்கி பிள்ளைகளின் பங்கிற்கு முந்தியது என்பதைப் பங்கு பிரிக்க உட்காரும் உடன்பிறந்தோர் நினைவிற்கொள்வார்களாக.

கொடுப்போருக்கும் ஒரு சொல்

நம் வாசகரில் கடன் பெறுவோர் மட்டுமல்ல, கொடுப்போரும் விற்போரும் உளர். கட்டணம் பெறுவதே பாவம் என்று திருச்சபை போதிக்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில், வட்டிக்காரரிடம் சிக்கிய ஏழைகளுக்காகப் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் இரக்கத்தின் அடகுக் கடைகளை ஏற்படுத்தத் தூண்டினர். அங்கு ஈட்டின்மேல் சிறு கடன் வழங்கப்பட்டது. ஊழியர் சம்பளத்திற்கும் பராமரிப்பிற்கும் ஒரு சிறு தொகை அசலுக்கு மேல் பெறப்பட்டது. அதுவும் வட்டிப் பாவமே என்று சிலர் வாதிட்டனர். 1515-ஆம் ஆண்டு, பத்தாம் லியோ பாப்பரசரின் காலத்தில், ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அவ்வழக்கைத் தீர்த்தது. இலாபம் கருதாமல், உண்மையான செலவை ஈடுசெய்யும் அளவில் பெறும் தொகை நேர்மையானதே. அதையும் பெறாமல் அறநிதியால் நடத்துவது இன்னும் மேலானது என்று அது கூறியது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த அளவுகோல் வளையவில்லை. நாம் பெறும் கட்டணம் நாம் செய்த செலவிற்கா, மற்றவரின் தடுமாற்றத்திற்கா? நோட்டீசு அனுப்ப நூறு ரூபாய் செலவிட்டு ஆயிரம் எழுதுபவர், ஒப்பந்தத்தின் சொல்லால் தப்பலாம். ஒப்புரவுத் தொட்டியில் அச்சொல் துணைக்கு வராது. ஈடு கொடுத்தவன் பணத்தைத் தீர்த்த பின்னும் அவன் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாளை வா என்பவர், பிறர் பொருளை வைத்திருப்பவர்.

கடன்பட்டவருக்கும் அதே நீதிதான். இயன்றும் கட்டாதிருப்பது, பாக்கியை மறைத்து மனையை விற்பது, ஜாமீன் நின்ற நண்பரைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஊர் மாறுவது ஆகியவை மன்னிப்பு வேண்டுவதோடு முடிவன அல்ல. திருப்பிக் கொடுத்தலையும் வேண்டுவன.

தீர்க்கதரிசி எரேமியாஸ், யெருசலேம் முற்றுகையிடப்பட்டு, தாமே காவலில் இருந்த நாளில், அனத்தோத்து ஊரில் தம் சிற்றப்பன் மகனின் நிலத்தைப் பதினேழு வெள்ளிச் சீக்கலுக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டார். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் வைத்து நெடுநாள் காக்குமாறு பாரூக்கிடம் ஒப்படைத்தார். நாடு அழியும் வேளையிலும் அந்த இறையடியார் பத்திரத்தை ஒழுங்காக முடித்தது, வருங்காலத்தின்மேல் அவர் கொண்ட நம்பிக்கையினால். பத்திரத்தைப் பேணுவதும் பக்தியோடு பொருந்தும் காரியமே.

இம்மாதத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்த பின், பெட்டியிலுள்ள தாள்களை வெளியே எடுங்கள். கணவர் மனைவிக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியும்படி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தச் சொத்தின்மேல், எந்த நகையின்மேல் அது நிற்கிறது, யாருக்காக நாம் ஜாமீன் நிற்கிறோம், நமக்காக நிற்பவர் யார், தீர்ந்த கடன்களில் எதற்கு இன்னும் ரசீது பதியவில்லை. நம் வேலையாட்களுக்குத் தர வேண்டிய சம்பளம் ஏதும் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். அதை நாளை காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.